ஏழாவது ஆள்

அத்தியாயம் 14

மதுரையில் உமாதேவியைத் தூங்கவிடாமல் செய்துவிட்டுத்தான் போன வாரம் நாம் விடைபெற்றோம். அவள் மனநல டாக்டர். தூக்கம் வராதவர்களுக்கு வழி சொல்லியே பேர் வாங்கியவள். தனக்கென்று வந்தபோது ஒரு வழியும் தெரியாமல் விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

காரணம் இரண்டு. ஒன்று, ஒரிசாவிலிருந்து வந்த கடிதம். அங்கே ஒரு மலை மாவட்டத்தில் வேலை பார்க்கும் இளம் டாக்டர் எழுதியிருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் லண்டன் பத்திரிகையில் உமாதேவி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைதான் அவருக்கு வழிகாட்டியாம். அதை நம்பி, தன்னிடம் வருகிற நாற்பத்திரண்டு பேருக்கு வரும் ஒன்றாம் தேதியிலிருந்து மாத்திரையை நிறுத்தப் போகிறாராம். உங்கள் வாழ்த்து வேண்டும் என்று முடித்திருந்தார்.

இன்னொன்று, கோவில்பட்டியிலிருந்து அண்ணன் மகள் சுகுணா போட்ட போன்.

"அத்தை, அப்பா நாலு நாளா சோறு திங்கல. சோத்துல என்னமோ கலக்குதாங்கன்னு சொல்லுதாரு."

முதல் சேதி போன வருடம் வந்திருந்தால் உமாதேவி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். இரண்டாவது சேதியோடு சேர்ந்து வந்ததால் அதை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்துவைத்தாள். ஏன் என்று இந்த வாரம்தான் வண்டியேறும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை.

உமாதேவியின் அண்ணன் செண்பகராஜுக்குப் பதினாலு வருடத்துக்கு முன்னால் மனம் பிசகியது. யாரோ தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில் (அந்தப் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பேர்) குச்சி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாள் ஒளிந்து கிடந்தார். தங்கைதான் வைத்தியம் பார்த்தாள். இரண்டு வருடம் மாத்திரை. பிறகு நிறுத்தினாள். மனிதர் தளிர்த்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக அந்த ஆபீஸை ஒற்றை ஆளாக நடத்திவருகிறார்.

அவரைப்போலவே மாத்திரையை நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் கோவில்பட்டியிலும் சுற்றுப்பட்டியிலும் பதினோரு பேர். எழுபத்துமூன்று நோயாளிகளை ஐந்து வருடம் விடாமல் விசாரித்து அந்தப் பதினோரு பேரைக் கண்டெடுத்தாள் உமாதேவி. கையில் வேலையும் வீட்டில் அனுசரணையும் இருந்தால் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது என்று எழுதினாள். அந்தக் கட்டுரையை இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டிவிட்டன. மாணவர்கள் படிக்கிற தடித்த புத்தகத்தில் அது ஒரு பெட்டிச் செய்தியாகப் போய் உட்கார்ந்துவிட்டது. கல்லூரியில் அதற்குச் செல்லப் பெயரே 'கோவில்பட்டிக் கட்டுரை'.

அதில் வரும் ஏழாவது ஆள் செண்பகராஜ். அவர் தன் உடன்பிறந்த அண்ணன் என்று மட்டும் அவள் எழுதவில்லை. எழுதினால் நம்பமாட்டார்கள் என்று அன்றைக்கு ஒரு சாமர்த்தியம்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். புரட்டாசி வெயில் அந்நேரத்துக்கே சுள்ளென்று அடித்தது. கதவைத் திறந்த சுகுணாவுக்குக் கண் இரண்டும் வீங்கியிருந்தது. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்த பெண், அம்மா இல்லாத வீட்டை ஒரு மாதமாக ஒற்றையாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அம்மா பத்திரகாளி திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்து நாளில் வந்துவிடலாம் என்று போனவளுக்குத் தையல் புண்ணாகிவிட்டது. இன்றோடு முப்பத்தைந்து நாள்.

"அப்பா எங்கட்டி?"

"விடிஞ்சதும் ஆபீஸுக்குப் போயிட்டாரு அத்தை. இன்னைக்கு லீவு, வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டுத் தனியாத்தான் போயிருக்காரு."

பொறி பட்டால் வெடிக்கிற சரக்குக்கு நடுவே அண்ணன் தனியாக இருக்கிறார். பட்டாசு ஊர்க்காரர்களுக்கும் தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கும் சில பயங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுகுணா அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். மூலையில் ஒரு கூடை. அதில் முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், சீவிய இளநீர்க் கூடு.

"இதுதான் அவரு சாப்பாடு. ஓடு உடையாத முட்டைய அவரே அவிக்காரு. பழத்தை அவரே உரிக்காரு. நான் தொட்டா எறிஞ்சிருதாரு."

"எப்ப இருந்து?"

"அம்மா போயி ரெண்டு வாரம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் சுக்குக்காப்பியிலதான் ஆரம்பிச்சுது. அம்மா தெனமும் பொழுது அடைய அவருக்குன்னு தனியா ஒரு தம்ளர் போடுவாள்ல, அதே மாதிரி நானும் கருப்பட்டி தட்டிப் போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒருநாள் குடிச்சிட்டு என்னையவே பாத்தாரு. 'இத்தன நாளாப் பாக்குதேன். நீ போட்டா அடியில கசப்பு இல்லையே, உங்கம்மா போட்டா மட்டும் ஏன் கசந்துச்சு'ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? சிரிச்சிட்டேன். நான் சிரிச்சிருக்கக் கூடாது அத்தை. அன்னையிலிருந்து என் கையால காப்பி வாங்க மாட்டேங்காரு. இந்த நாலு நாளா சோறும் வாங்கல."

அழத் தொடங்கியவளை உமாதேவி அணைத்துக்கொண்டாள். கை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாலும் மனசு வேறெங்கோ ஓடியது. உணவில் நஞ்சு, நாக்கில் மாறிய ருசி, பெற்ற மகள்மேலேயே சந்தேகம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிற அடையாளங்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நோய் திரும்பியிருக்கிறது.

திரும்பக் கூடாதே! பதினோரு பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை என்பதுதானே கட்டுரையின் உயிர்.

அண்ணனுக்காகப் பயப்படுகிறேனா, கட்டுரைக்காகப் பயப்படுகிறேனா என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"வீட்டைப் பூட்டு. ஆபீஸுக்குப் போவோம்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு வாடகை அம்பாசிடர் வந்து நின்றது.

பின்சீட்டில் பத்திரகாளி. வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அம்மா! உன்னைய யாரு விட்டாங்க?"

"யாரும் விடல. நீ போன்ல சொன்னதக் கேட்டு, கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். சுகுணா, நீ வீட்ல இரு. டிரைவர் தம்பி, எதுத்தாப்புல போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க." பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "உமா, உள்ள வந்து உக்காரு. கண்ணாடிய ஏத்திரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

* * *

மூடிய கார் அடுப்பாகக் கொதித்தது. உமாதேவி முந்திக்கொண்டாள்.

"மைனி, பயப்படாதீங்க. திரும்பி வந்திருக்கு, அவ்வளவுதான். நான் இருக்கேன். மறுபடியும் மாத்திரைய ஆரம்பிச்சா..."

"மறுபடியும்னா? நிறுத்துனாத்தான மறுபடியும்."

"என்ன சொல்லுதீங்க?"

பத்திரகாளி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பசை நாடா ஒட்டிய ஒரு காகிதத்தை எடுத்தாள். உமாதேவியின் கையெழுத்து. தொண்ணூறாம் வருடத்து மருந்துச் சீட்டு.

"இதைக் காட்டி மாசாமாசம் வாங்கிருதேன். கடைக்காரரு மொகம் பாத்துக் குடுத்துருவாரு. தெனமும் ஒண்ணு. பொடிச்சு சுக்குக்காப்பியில கலந்துருவேன். சுக்குக் காரத்துல தெரியாதுன்னு நெனச்சேன். அடியில கசக்கும்போல. நான் குடிச்சுப் பாக்கலையே."

உமாதேவி சீட்டிலிருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமாவா?"

"பன்னெண்டு வருசமும்தான். சடங்குக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் பொழுது அடையுமுன்ன திரும்பிருவேன். எங்கம்மா செத்த அன்னைக்குக்கூட எடுத்ததும் வந்துட்டேன். அண்ணன் தம்பிமாரு இன்னும் அதைச் சொல்லிக்காட்டுதாங்க. ஆப்பரேசனுக்குப் பத்து நாள்னாங்க. பத்து நாள்தானேன்னு போனேன் உமா."

"எங்கிட்ட ஏன் மைனி சொல்லல?"

கேட்டதும்தான் பத்திரகாளிக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடமாக அடக்கிவைத்த கோபம்.

"யாரு எங்கிட்டக் கேட்டா? உன் நோட்டுப் புஸ்தகக்காரரு ஆறுமுகசாமி சைக்கிள்ல வருவாரு. வாசல்ல உக்காந்து, 'அண்ணாச்சி, மாத்திரை சாப்பிடுதீங்களா?'ம்பாரு. உங்கண்ணன் 'இல்ல'ம்பாக. அவியளுக்குத் தெரிஞ்சது அதுதான, நெசத்தத்தான் சொன்னாக. நான் காப்பித் தம்ளரோட கதவுக்குப் பின்னால நிப்பேன். 'மைனி, சரிதானே?'ம்பாரு. அவிய மொகத்துக்கு முன்னால நான் என்னன்னு சொல்ல? தலையாட்டுவேன். தனியாக் கூப்பிட்டு ஒருதரம் கேட்டீங்களா, நீயோ அவரோ?"

கேட்கவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வீட்டு ஆம்பளையை வாசலில் வைத்து விசாரிப்பதுதான் மரியாதை என்று ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் எழுதிவந்த ஆறுமுகசாமிக்கு உமாதேவியேதான் சொல்லிக்கொடுத்தாள்.

"நான் நிறுத்தச் சொல்லித்தான நிறுத்துனோம் மைனி..."

"நீ திங்கக்கிழமை திங்கக்கிழமை இந்த ஊரு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போயிருவ. மத்த ஆறு நாளு யாரு இருக்கா? குச்சி மூட்டைக்குள்ள இருந்து அவியள இழுத்துட்டு வந்தது நான். பல்லுப்பட்ட தழும்பு இன்னும் என் கையில கெடக்கு. நிறுத்துன்னு நீ எழுதிட்ட. எனக்குத் தைரியம் வரல."

உமாதேவி மெதுவாக, பதிலைக் கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

"மத்த பத்துப் பேரு?"

பத்திரகாளி தலையணையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இடைசெவல் சீனித்தாய் தெரியும்லா, ஆடு மேய்க்கிற வீட்டுக்காரி. அவ புருசனுக்கு நிறுத்துன அன்னைக்கு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. பாக்கப் பொறுக்கல. 'ஏட்டி, நான் செய்யுதத நீயும் செய்யி'ன்னு சொல்லிக் குடுத்தேன். அவ கம்பங்கூழுல கரைச்சா. அவ இன்னொருத்திக்குச் சொன்னா. எனக்குத் தெரிஞ்சு ஒம்போது வீடு உமா. மத்த ரெண்டு வீடு எனக்குத் தெரியாது."

இரண்டு. உமாதேவியின் மனசு அந்த இரண்டைப் பாய்ந்து பிடித்துக்கொண்டது. எழுபத்துமூன்றில் இரண்டு என்றால் என்ன விழுக்காடு என்று கணக்குப் போடக்கூடத் தொடங்கியது. ஆராய்ச்சிக்காரியின் புத்தி அது, தலைமேல் இடி விழுந்தாலும் சும்மா இருக்காது.

"நெசமாவே நிறுத்துனவங்க யாராவது..."

"ஒருத்தன் நிறுத்துனான். எட்டயபுரத்துக்காரன். பொண்டாட்டி இல்லாதவன், கலந்து குடுக்க ஆளில்ல. மூணு மாசத்துல வீட்டை விட்டுப் போயிட்டான். இன்னும் வரல. உங்க நோட்டுல அவனை என்னன்னு எழுதினாக?"

உமாதேவிக்கு அந்த வரி நினைவிருந்தது. 'வெளியூர் சென்றுவிட்டார்.' அப்படிப் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது விதி. விதிப்படி அவனைக் கழித்துவிட்டாள்.

கார் கண்ணாடிக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைத் தெரு எப்போதும்போல நடந்துகொண்டிருந்தது. கறிக்கடைக்கு ஒருவர் தூக்குவாளியோடு போனார். கைப்பையிலிருந்த ஒரிசாக் கடிதம் அவள் மடியில் பாறையாகக் கனத்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலு நாள். அந்த நாற்பத்திரண்டு வீடுகளிலும் பயந்துகொண்டு கதவுக்குப் பின்னால் ஒரு பத்திரகாளி நிற்பாளா? நிற்காவிட்டால்?

"கட்டுரை வந்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல மைனி?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. நீ அந்தப் பத்திரிகையக் கொண்டாந்து அவிய கையில குடுத்து, 'ஏழாவது ஆளு நீதாண்ணே'ன்ன. அவிய மொகத்தப் பாத்தேன். சுகுணா பொறந்த அன்னைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கல. அதுக்குப் பெறகு எப்படிச் சொல்ல?"

பத்திரகாளி நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"அவியகிட்டச் சொல்லிராத உமா. சத்தியமாச் சொல்லுதேன், சொன்னா அவிய என் கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டாக. நீ டாக்டரு. இல்லவே இல்லன்னு சொல்லு. உன் பேச்சைக் கேப்பாக. இன்னைக்குப் பொழுது அடைய ஒரு தம்ளர் உள்ள போயிட்டாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

* * *

எட்டயபுரம் ரோட்டில் ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் ஆபீஸ். சுற்றிலும் மழைக்குக் காத்து வாய் பிளந்து கிடக்கிற காடு. காரை வெளியே நிறுத்தச் சொன்னாள் உமாதேவி.

"நான் கூப்பிடாம நீங்க எறங்காதீங்க மைனி."

கேட் திறந்திருந்தது. வாரநாளில் எண்பது பெண்களின் பேச்சும் குச்சி அடுக்குகிற கட்டைகளின் சத்தமுமாக இரைகிற இடம் இன்று ஓசையில்லாமல் கிடந்தது. அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. பெரிய கொட்டகையைத் தாண்டினால், ஐம்பதடி தள்ளித் தனியாக ஓட்டுக் கூரை போட்ட கலவை அறை. குளோரேட்டும் கந்தகமும் பசையோடு குழைக்கிற இடம். அந்த அறைக் கதவு திறந்திருந்தது.

அவள் முதலில் பார்த்தது வாசற்படிக்கு வெளியே, மூக்கு வெளிப்பக்கமாகத் திருப்பி ஒழுங்காக வைத்திருந்த ஒரு ஜோடித் தோல் செருப்பை.

உயிர் வந்தது அவளுக்கு. அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. தரையில் காய்ந்த கலவைத் தூள் ஒரு சிட்டிகை கிடந்து, அதில் செருப்பின் ஆணி உரசினால் போதும், அறையே வெடித்துவிடும். அப்பா தங்கப்பாண்டியன் போட்ட சட்டம் அது. ஒருதரம் சோதனைக்கு வந்த அதிகாரியையே செருப்பைக் கழற்றச் சொல்லி வெளியில் நிறுத்தியவர். அண்ணன் அந்தச் சட்டத்தை மறக்கவில்லை. மறக்காதவரை அண்ணன் அண்ணன்தான்.

"அண்ணே."

உள்ளே ஏதோ நகர்ந்தது. செண்பகராஜ் வாசலுக்கு வந்தார். நாலு நாள் தாடி. கண் குழிக்குள் போயிருந்தது. ஆனால் வேட்டி வெள்ளையாக இருந்தது, திருநீறு பூசியிருந்தார். சட்டைப் பையில் சுருட்டிவைத்த ஒரு காகிதக் கட்டு.

"கிட்ட வராத. அங்கனயே நில்லு."

"நிக்கேன்."

"தனியா வந்தியா?"

"மைனி வெளிய கார்ல இருக்காக."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், பழகிப்போன கால்கள் தாமாகவே செருப்புக்குள் நுழைந்துகொண்டன.

"ஏன் இங்கன வந்து இருக்கேன் தெரியுமா? இந்த ரூம்புக்குள்ள எவனும் வரப் பயப்படுவான். இங்கன வச்சு எவனும் எதுலயும் எதையும் கலக்க முடியாது, என்னையத் தவிர." சொல்லிவிட்டுச் சிரித்தார். உமாதேவி பதினாலு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே சிரிப்பு.

"அண்ணே, வீட்டுக்குப் போவமா? சுகுணா அழுதுக்கிட்டு இருக்கா."

"அவ மேல தப்பில்ல. அவ காப்பியில கசப்பில்லன்னு தெரிஞ்சபெறகுதான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "உமா, நான் ஒண்ணு கேக்கேன். உங்க மைனி என் காப்பியில எதையாவது கலந்தாளா?"

அவள் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இல்லன்னு சொல்லு, நான் நம்புதேன். நீ சொன்னா நம்புவேன் தாயி. அப்ப எனக்குத்தான் மறுபடி கோட்டி பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நானே எந்திரிச்சு உங்கூட மதுரைக்கு வந்து உன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிடுதேன். ஊசி போடு, கரண்டு வை, என்னமும் செய்யி."

ஒரு 'இல்லை' போதும். அண்ணன் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிடலாம். சாயங்காலமே வைத்தியம் தொடங்கிவிடும். பத்திரகாளியின் தாலியும் சமையலும் தப்பிக்கும். லண்டனில் அச்சானது அச்சானபடியே இருக்கும். இத்தனைக்கும் சேர்த்து அவள் சொல்ல வேண்டியது மூன்றெழுத்து.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் சொல்வது உண்மை. தன் நாக்கில் உணர்ந்ததைச் சரியாகச் சொல்கிற ஒருவரைப் பார்த்து, உன் நாக்கு பொய் சொல்கிறது, உனக்குப் பைத்தியம் என்று சொல்ல வேண்டும். ஆறு வருடமாக அவள் உலகத்துக்குச் சொன்னது தெரியாமல் சொன்ன பொய். இது தெரிந்து சொல்கிற முதல் பொய்யாக இருக்கும். அண்ணன் வேறு அதை நம்பிவிடுவார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"கலந்தாக அண்ணே" என்றாள்.

கைப்பையை மண்ணில் வைத்துவிட்டு மேலே சொன்னாள்.

"நான் நிறுத்தச் சொன்ன மாத்திரைய. அதே மாத்திரைய. தெனமும் ஒண்ணு, பன்னெண்டு வருசமா. விசம் இல்லண்ணே. நீ நல்லா இருக்கணும்னு பயந்துபோயி செஞ்சிருக்காக. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். நான்தான் கேட்டிருக்கணும், நான் கேக்கல."

செண்பகராஜ் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். எழுந்து ஓடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தார். பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு தாள்கள். கட்டுரையின் நகல்தான். ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கடியில் இத்தனை வருடம் இருந்தது. சரக்கெடுக்க வருகிற வடக்கத்தி ஏஜெண்டுகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். அவருக்கு அந்த ஆங்கிலம் வாசிக்க வராது. ஏழு என்ற எண்ணின் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார் நிதானமாக. "எனக்குக் கோட்டி இல்ல."

"அண்ணே..."

"இதுல ஒரு ஆளு இருக்கானே, மாத்திரை இல்லாம தானாப் பொழைச்சு வந்தவன். தொழிலை நிமித்துனவன். பொண்ணைக் காலேஜுல படிக்க வைக்கவன். ஊருல நாலு பேரு அண்ணாச்சின்னு கூப்பிடுதவன்." விரலால் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவினார். "அவன் யாரு உமா?"

அவர் கோட்டிலிருந்து விரலை எடுத்தார்.

"பன்னெண்டு வருசமா அவன் நான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தாள்களைப் படியில் வைத்தார். பறந்துவிடாமல் மேலே ஒரு சல்லிக்கல்லை வைத்தார். எழுந்து, திரும்பி, கலவை அறைக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார்.

காலில் செருப்பு இருந்தது.

"அண்ணே! செருப்பு!"

அது அவள் குரல் மாதிரியே இல்லை. செண்பகராஜ் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"கழத்தணும்லா" என்றார். "இத்தன வருசமா இது எனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்ல அந்த மாத்திரைக்கு ஞாபகம் இருந்துச்சா? நீ டாக்டரு, சொல்லு."

கேட் பக்கம் கார்க்கதவு திறந்து அடைக்கும் சத்தம் கேட்டது. பத்திரகாளி தலையணையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். அவள் சேலையில் தையல் இருந்த இடத்தில் ஈரம் சிவந்து பரவியிருந்தது.

"ஏங்க" என்றாள். "ஏங்க, கழத்திட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளேயும் போகவில்லை. ஒரு செருப்புக் கால் படிக்கு உள்ளே இருந்தது, ஒரு செருப்புக் கால் வெளியே இருந்தது.